நேற்றுப் பிள்ளை என்ன சாப்பிட்டது?

தயாளினி கமலாசனியின் பிள்ளையைத் தன் முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் அடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. கமலாசனி வாசலில் நின்று அயலைக் கூப்பிட்டுக் கத்தினாள். இன்னொரு அடி. இன்னொன்று. பிள்ளை ஓங்காளித்தது, பாயில் ஒரு மீன்முள் விழுந்தது. வெள்ளையாய், வளைந்து, நுனியில் கொஞ்சம் சதையோடு, குழம்பின் மஞ்சள்கூடப் போகாத விளைமீன் முள். பிள்ளை மூச்சை இழுத்து வீரிட்டு அழுதது. அந்த வீட்டுக்குள் வருடப்பிறப்புக்குப் பிறகு மீன் என்று ஒன்று வந்ததில்லை. பிள்ளை அந்த மீனைச் சாப்பிட்டது, தாய் அதைப் பற்றிப் பொய் சொன்ன அந்த நிமிடத்தில்.

"மீன் குடுக்கேக்க முள்ளுப் பாத்துக் குடுக்கிறேல்லையோ?" என்று தயாளினி மூச்சு வாங்கக் கேட்டாள்.

"எங்க மிஸ் மீன்? நீங்கள் கேக்கேக்க ரொட்டியும் வெறுந்தேத்தண்ணியும் எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது. வாயில வந்ததைச் சொன்னனான்."

இருவரும் முள்ளைப் பார்த்தார்கள். பிறகு கமலாசனி அதை எடுத்து மோந்தாள். "பழப்புளி விட்ட குழம்பு" என்றாள்.

வட்டக்கச்சியைத் தாண்டி, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எட்டிப் பார்க்காத மேட்டுக்காணியில் கிடக்கிறது பத்தாம் வாய்க்கால் குடியிருப்பு. மலைநாட்டிலிருந்து கலவரங்களில் அடிபட்டு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். வயல் மற்றவர்களுடையது, கூலி இவர்களுடையது. உரம் வராத அந்த வருடம் நெல் பாதி வளர்ச்சியிலேயே மஞ்சளாகிப் படுத்துவிட்டது. பால்மா கடையில் இல்லை. அரிசி விலை காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. வேலைக்குக் கூப்பிட ஆளில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள் நல ஆய்வு அந்தக் குடியிருப்பைத் தேர்ந்தெடுத்தது இதற்கெல்லாம் முந்திய வருடம். வட்டக்கச்சியில் வாழ்க்கைப்பட்ட தயாளினியை ஆய்வு உதவியாளராக எடுத்தார்கள். ஒவ்வொரு வீடாகச் சைக்கிளில் போய், இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைத் தொங்குதராசில் நிறுத்து, பலகையில் கிடத்தி நீளம் பார்த்து, பச்சை மஞ்சள் சிவப்பு அடித்த நாடாவைப் புயத்தில் சுற்றி அளக்க வேண்டும். அதற்கெல்லாம் முதலில், தாயிடம் ஒரு கேள்வி. நேற்றுப் பிள்ளை என்ன சாப்பிட்டது?

அந்தக் கேள்வியைக் கேட்கும்போது முகம் கல்லாக இருக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் நிஷாந்தன் பயிற்சியில் படிப்பித்திருந்தார். பதிலுக்குச் சிரிக்கக் கூடாது, உச்சுக்கொட்டக் கூடாது, நம்பாததுபோலப் பார்க்கக் கூடாது. சொன்னதைச் சொன்னபடி பதிய வேண்டும். தயாளினிக்கு அது நன்றாக வாய்த்தது. மறுபக்கம், பத்தாம் வாய்க்காலில் ஒரு வழக்கம் இருந்தது. சாப்பிட்டாச்சோ என்று யார் கேட்டாலும், இரண்டு நாள் அடுப்பு மூட்டாதவர்களும் ஓம் என்றுதான் சொல்லுவார்கள். இல்லையென்று சொல்வது கேட்டவரிடம் கை நீட்டுவதற்குச் சமம். நம்பும் முகமும் வெட்கப்படும் வாயும் மாதக்கணக்காக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்ததில் இப்படி ஏதும் நடக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம் என்று பின்னாளில் குடியிருப்பில் பேசிக்கொண்டார்கள்.

செய்தி அன்று பின்னேரமே தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறியடியில் பரவியது. யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. வாயைப் பிளக்க அரிசி விலை இருந்தது. மறுநாள் தயாளினியின் சைக்கிள் வளைவில் திரும்பியபோதே விமலேஸ்வரி படலையடியில் இடுப்பில் கைவைத்து நின்றாள். குடியிருப்பில் எல்லாருக்கும் சேர்த்து வாய் இவளிடம்தான் இருந்தது. மற்ற இடுப்பில் கடைசிப் பெடியன் டிலுக்சன், ஈரத் துணிபோலத் துவண்டு.

"கேளடி மிஸ், கேள்."

"நேற்றுப் பிள்ளை என்ன சாப்பிட்டது?"

"றால் பொரியல். முருங்கையிலைச் சுண்டல். கீரிச்சம்பாச் சோறு. பிறகு அப்பிள், தோல் சீவி."

டிலுக்சன் ஏவறை விட்டான். றால் மணந்தது.

"என்ர மனுசனுக்கும் சேத்துக் கேக்க ஏலாதோ?" என்றாள் விமலேஸ்வரி. "அந்தாளும் ரெண்டு நாளா ஒழுங்காத் திண்ணேல்லை."

"அவருக்கு ரெண்டு வயசுக்குக் கீழயோ அக்கா?"

"புத்திக்கு ஓம்."

கல்முகம் அன்று ஒரு நாள் மட்டும் உடைந்தது.

சில வாரங்களில் இதன் ஒழுங்குகள் எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டன. நிஷாந்தன் கேட்டால் ஒன்றும் நடக்காது. தயாளினி கேட்க வேண்டும். உண்மை சொன்னால் ஒன்றும் நடக்காது. அளவுமீறிச் சொன்னால் பிள்ளைக்குத்தான் கஷ்டம்; புரியாணி என்று சொன்ன வீட்டில் விடியும்வரை வயிற்றோட்டம், ஐஸ்கிறீம் என்று சொன்ன வீட்டில் இருமல். பெண்கள் பவுசரடியில் வாளியோடு நின்று நாளைக்கு என்ன சொல்வது என்று ஆலோசித்தார்கள். ஒருத்தி முட்டை என்றால் மற்றவள் மஞ்சள்கருவை மட்டும் சொல், வெள்ளை செமிக்காது என்றாள். தயாளினி மாதத்துக்கு ஒரு தரம் போக வேண்டிய வீடுகளுக்கு நாள்தோறும் போனாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. மழையென்றும் பாராமல், காற்றுப்போன ரியூப்போடும் போனாள். தராசின் முள் மாதம் மாதம் நகர்ந்தது. நாடெங்கும் பிள்ளைகள் மெலிந்த அந்த வருடத்தில் பத்தாம் வாய்க்கால் பிள்ளைகளுக்கு மடிப்பு மடிப்பாய்த் துடை வைத்தது. கொழும்பிலிருந்து பாராட்டு வந்தது. தயாளினிக்கு அதைவிடப் பெரிய சந்தோசம், சைக்கிள் மணி கேட்டதும் பிள்ளைகள் வாயைத் திறப்பது.

அவளுடைய மகள் திவிஷா அதே காலத்தில்தான் தேயத் தொடங்கினாள்.

தயாளினியின் கணவன் தர்ஷன் முரசுமோட்டை அரிசி ஆலையில் வேலை செய்தவன். நெல் வராததால் ஆலை மூடிக்கிடந்தது. அவன் வீட்டிலிருந்து ஒன்றரை வயது மகளைப் பார்த்தான். பொறுமையான மனிதன். கஞ்சியை ஆற்றி, பயறை மசித்து, கோழி இட்ட முட்டையை அவித்து, காகம் காட்டிக் காட்டித் தீத்துவான். திவிஷா எல்லாவற்றையும் விழுங்குவாள். வாய் துடைத்து இறக்கிவிட்டு அவன் கோப்பையைக் கழுவி முடிப்பதற்குள், மூன்று நாள் பட்டினி கிடந்தவள்போல் அலறுவாள். ஊர்ப் பிள்ளைகளின் கையெல்லாம் அளந்த தயாளினி தன் பிள்ளையின் கையை அளக்கவில்லை. வேலை செய்பவர்களின் பிள்ளைகளை ஆய்வில் சேர்ப்பதில்லை. நாடாவும் அலுவலகப் பையில்தான் கிடந்தது. ஒரு நாள் தர்ஷன் அந்தப் பையைத் திறந்து நாடாவை எடுத்து மகளின் புயத்தில் சுற்றினான். மிக மெலிந்த பிள்ளைகளுக்குரிய சிவப்பில் நின்றது.

பூச்சி மருந்து கொடுத்தார்கள். கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள், மலம் பார்த்தார்கள், நெஞ்சுப் படம் பிடித்தார்கள். ஒன்றுமில்லை. இடையில் தயாளினி டெங்குக் காய்ச்சலில் விழுந்து இரண்டு கிழமை வெளியே போகவில்லை. அந்த இரண்டு கிழமையில் திவிஷாவின் கன்னம் திரும்பியது. தாய் பக்கத்தில் இருந்ததால்தான் என்று தர்ஷன் நினைத்தான். தயாளினியும் அப்படித்தான் நினைக்க விரும்பினாள். எழும்பி நடந்த முதல் நாள் அவள் விமலேஸ்வரியின் முற்றத்தில் நின்று கேள்வியைக் கேட்டாள். அவித்த முட்டை, முழுசா ஒண்டு, என்றாள் விமலேஸ்வரி. கைத்தொலைபேசி அடித்தது.

"இப்ப நீ என்ன கேட்டனீ?" என்றான் தர்ஷன். "பிள்ளையின்ர வாயில முட்டையை வைச்சனான். சப்பிக்கொண்டிருந்தவள். என்ர கண்ணுக்கு முன்னால கன்னம் ஒட்டிப்போச்சு. வாயைத் திறந்து பாத்தன். ஒண்டுமில்லை, தயா. ஒரு துண்டுமில்லை."

முன்னால் டிலுக்சன் உதட்டில் மஞ்சள்கருவோடு சிரித்தான்.

பிறகு யோசிக்க எதுவும் மிஞ்சவில்லை. முட்டை என்றால் திவிஷாவின் முட்டை. றால் என்றால், வீட்டில் றால் இல்லாததால், அதற்கு ஈடாக அவளுடைய உடம்பிலிருந்து. கடைக்காரன் தாளுக்குச் சில்லறை மாற்றுவதுபோல் ஒழுங்காக நடந்திருக்கிறது. தயாளினி சைக்கிளைத் திருப்பினாள். அடுத்த வீட்டுப் படலையில் வாயைத் திறந்துகொண்டு நின்ற பிள்ளையைக் கடந்து போனபோது அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

காய்ச்சல் மாறவில்லை என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் இருந்தாள். திவிஷா கொஞ்சம் தேறினாள். கொஞ்சந்தான், மெலிந்த உடம்பு ஏறுவதற்குக் காலம் எடுக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள் சொன்ன கதைகளும் காதில் விழுந்தன. கமலாசனியின் பிள்ளை திரும்பவும் தவழ்கிறது, நடந்த பிள்ளை. இன்னொரு பிள்ளைக்குக் கால் வீக்கம். இரவில் தர்ஷன் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தான். "போகாதை" என்று மட்டும் சொன்னான். அவன் சொல்லாவிட்டாலும் அவள் போயிருக்க மாட்டாள். அதுதான் அவளைத் தின்றது.

ஒரு மத்தியானம் விமலேஸ்வரி நடந்து வந்தாள். பஸ் இல்லை, டீசல் இல்லை. வெயிலில் வந்த முகம் கறுத்திருந்தது. படலையைத் தள்ளும்போதே தொடங்கிவிட்டாள்.

"என்னடி மிஸ், பெரிய ஆளாயிட்டியோ? சம்பளம் கூடக் கேட்டு வீட்டுக்குள்ள குந்தியிருக்கிறியோ? என்ர பெடியன் தலை நிமித்துறானில்லை. ரெண்டு நாளாக் காய்ச்சல். குடுக்கிற கஞ்சித்தண்ணி நிக்குதில்லை. வந்து கேள். ஒருக்காக் கேட்டிட்டுப் போ. நான் பாலெண்டு மட்டும் சொல்லுறன், றால் கீல் ஒண்டும் சொல்ல மாட்டன்."

தயாளினி உள்ளே போய்த் திவிஷாவைத் தூக்கி வந்தாள். சட்டையைக் கழற்றினாள். விலா எலும்பை வெளியிலிருந்தே எண்ணலாம்.

"நான் அங்க கேக்கிறது இஞ்சையிருந்துதான் போகுது, அக்கா."

விமலேஸ்வரி பிள்ளையைப் பார்த்தாள். அவள் சொன்ன றாலும் அப்பிளும் கீரிச்சம்பாவும் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். தன் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். தர்ஷன் குசினிக்குள் ஓடிப்போய் இருந்த அரிசிமாவில் பாதியைப் பையில் கட்டிக் கொண்டுவந்து நீட்டினான்.

"உந்தப் பிள்ளையின்ர வாயிலயிருந்து இன்னும் எவ்வளவத்தைத்தான் எடுக்கிறது?" என்றாள் விமலேஸ்வரி. பையை வாங்கவில்லை. ஊற்றிவைத்த தேத்தண்ணியையும் குடிக்கவில்லை. வந்த வெயிலிலேயே திரும்பி நடந்தாள். தயாளினி படலைவரை பின்னால் போனாள். பெடியனை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். எதில கொண்டுபோறது என்று விமலேஸ்வரி திரும்பாமலே கேட்டாள்.

அடுத்த கிழமை நிஷாந்தன் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். ஆய்வு முடிகிறது; கடைசிச் சுற்று ஒன்று எடுக்க வேண்டும். முதல் நாளிலிருந்து கேட்ட ஆளே கடைசியிலும் கேட்க வேண்டும், வேறு ஆளைப் போட்டால் முழு ஆய்வும் பழுது.

"வேற ஆரையும் விடுங்கோ சேர். எனக்கு ஏலாது."

"ஒரே நாள் வேலை, தயாளினி. நானும் கூட வாறன். இதை முடிக்காட்டி மூண்டு மாசச் சம்பளத்தையும் நிப்பாட்டிப் போடுவினம். எனக்கும் சேத்துத்தான்."

திவிஷா குடிக்கிற பால் அந்தச் சம்பளத்தில்தான் வந்தது. ஆலை இன்னும் மூடித்தான் கிடந்தது. தயாளினி அன்றிரவு எல்லா வழிகளையும் யோசித்தாள். சில உதவியாளர்கள் செய்வதுபோல் வேப்பமரத்தடியில் இருந்தே எல்லா வீட்டையும் நிரப்பலாமென்றால், பதில்களைப் பதியும் ரப்லெட் கணினி நிற்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நிஷாந்தனும் பக்கத்தில் நிற்பார். உண்மையைச் சொல்லுங்கோ என்று தாய்மாரைக் கெஞ்சலாம். ஆனால் அதன் அர்த்தம், உங்கள் பிள்ளையைப் பட்டினி போட்டு என் பிள்ளையைக் காப்பாற்றுங்கள் என்பது. அதைக் கேட்க அவளுக்கு முகம் இல்லை. ஒரு கல்முகந்தான் இருந்தது. காலையில் திவிஷாவுக்குக் கொடுக்கக்கூடியதையெல்லாம் கொடுத்தார்கள். தர்ஷன் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தான், பஸ்ஸில் வளைவு வரும்போது பிடிப்பதுபோல.

முதல் வீடு கமலாசனி. பிள்ளை மடியில் சோர்ந்து கிடந்தது. தயாளினி கேள்வியைக் கேட்டாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

"வெறுந்தேத்தண்ணி" என்றாள் கமலாசனி. "சீனி இல்லை."

"வேற?"

"வேற ஒண்டுமில்லை, மிஸ்."

தயாளினி தலையை நிமிர்த்தினாள். கமலாசனி அவளுடைய கண்ணைப் பார்த்தே சொல்லியிருந்தாள். விமலேஸ்வரி கண்ட விலா எலும்பின் கதை பவுசரடிக்குப் போயிருக்க வேண்டும். அடுத்த வீட்டில் கஞ்சித்தண்ணி. அடுத்த வீட்டில் நேற்று ஒன்றுமில்லை, முந்தநாள் கொஞ்சம் மரவள்ளி. வீடு வீடாக, வாழ்நாளில் ஒருவரிடமும் சொல்லாததை, படித்த ஒரு அந்நிய ஆம்பிளை பக்கத்தில் நிற்க, அந்தப் பெண்கள் வாய்விட்டுச் சொன்னார்கள். இல்லை. இல்லை. இல்லை. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் சொன்ன பிறகு குனிந்து முற்றத்தைக் கூட்டத் தொடங்கினாள், கூட்டிய முற்றத்தை. தராசின் முள் ஒவ்வொரு வீட்டிலும் இறங்கியே நின்றது. இது என்ன, போன மாசம் எல்லாம் நல்லா இருந்ததே, என்று நிஷாந்தன் தலையைச் சொறிந்தார். தயாளினி கல்லாக நின்றாள்.

வெயில் சாயும்போது விமலேஸ்வரியின் வீடு. அவள் இறுகிய முகத்தோடு நிலத்தில் இருந்து, கூரை வளையில் கட்டிய ஏணைத் தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டிருந்தாள். ஏணை கனமாக ஆடியது. அந்தக் கனத்தைக் கண்டதும் பெடியன் தப்பிவிட்டான் என்று தயாளினி நினைத்தாள்.

"நேற்றுப் பிள்ளை என்ன சாப்பிட்டது?"

விமலேஸ்வரி ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"விடியப் பால், கோப்பை நிறைய. பிறகு பயத்தங்கஞ்சி, தேங்காய்ப்பால் விட்டு. மத்தியானம் குத்தரிசிச் சோறு, பருப்பு, நெத்தலிப் பொரியல், முட்டை. பின்னேரம் கதலிப்பழம் ரெண்டு. ராவைக்குப் புட்டும் பாலும். போதும் போதும் எண்டு சொல்லுமட்டும் சாப்பிட்டது. எழுதடி."

"அக்கா…"

"எழுது. வயிறு முட்டச் சாப்பிட்டது."

"பாத்தீரோ, இந்த அம்மா ஒருத்திதான் கவனமாப் பாக்கிறா" என்றார் நிஷாந்தன். பிள்ளையை நிறுக்க வேண்டும் என்று ஏணைப் பக்கம் திரும்பினார். இப்பதான் கண்ணயர்ந்தவன், எழுப்பினால் ஊரை எழுப்புவான், நாளைக்கு வந்து நிறுங்கோ என்று விமலேஸ்வரி கையை நீட்டி மறித்தாள். பெற்றோல் முடியும் கவலையில் இருந்த நிஷாந்தன் சரியென்றார். தயாளினி அவருக்குச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. சைக்கிளை மிதித்த வேகத்தில் பாதணி ஒன்று வாய்க்கால் கட்டில் விழுந்தது, எடுக்கவில்லை. ஒரு முழு நாளின் சாப்பாடு. திவிஷாவின் உடம்பில் அவ்வளவு இருக்கவில்லை. வழியெல்லாம் அவள் விமலேஸ்வரியைத் திட்டினாள், வாயில் வராத சொல்லெல்லாம் வந்தது; பிறகு கடவுளைத் திட்டினாள்; வளவுக்குள் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

தர்ஷன் அதே கதிரையில், அதே பிடியில் இருந்தான். மடியில் திவிஷா. உதட்டில் புட்டுப் பருக்கை. சட்டைக்குக் கீழே வயிறு பானைபோல் எழும்பியிருந்தது. வாயிலிருந்து நெத்தலிப் பொரியல் மணந்தது.

"நான் ஒண்டும் குடுக்கேல்லை" என்றான் தர்ஷன். "கொஞ்சத்துக்கு முன்னம் தானா மெல்லத் தொடங்கினவள்." திவிஷா ஏவறை விட்டு, தாயைப் பார்த்து, தூங்கிப்போனாள்.

ஆய்வு முடிந்தது. அடுத்த போகம் நெல் ஓரளவு விளைந்தது, ஆலை திறந்தது, கூலிக்குக் கூப்பிட்டார்கள், குடியிருப்பில் அடுப்புகள் புகைந்தன. கமலாசனியின் பிள்ளை இரண்டாம் தரம் நடக்கப் பழகியது. தயாளினிக்கு இப்போது வேறு ஆய்வில் வேலை, மல்லாவிப் பக்கம், குடிதண்ணீர் பற்றியது. ஆனாலும் மாதத்தில் ஒரு நாள் பத்தாம் வாய்க்காலுக்குப் போய் விமலேஸ்வரியின் வீட்டில் இருந்து, நேற்றுப் பிள்ளை என்ன சாப்பிட்டது என்று கேட்கிறாள். விமலேஸ்வரி ஒவ்வொரு முறையும் வேறு வேறு கறி சொல்கிறாள். கணவாய், ஆட்டிறைச்சி, ஒரு தரம் பிறந்தநாள் கேக். அன்றைக்குத் தர்ஷன் திவிஷாவுக்குச் சமைப்பதில்லை. முன்பள்ளிக்குப் போகும் அவள் அன்று சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். இதில் யாருக்கும் புதினம் இல்லை.

திவிஷாவின் வயிறு எப்படி நிறைந்தது என்று ஒரே ஒரு நாள்தான் தயாளினிக்குப் புரியாமல் இருந்தது. கடைசிச் சுற்றுக்கு மறுநாள் புரிந்தது. சொன்னபடி தராசைக் கொண்டுபோய் மாமரக் கிளையில் கொழுவிவிட்டு, பிள்ளையைத் தூக்க ஏணையை விரித்தாள். உள்ளே டிலுக்சனின் நீலச் சட்டையைச் சுற்றிக்கொண்டு கிடந்தது அம்மிக்குழவி. விமலேஸ்வரி வெயிலில் வந்து திரும்பிப்போன அன்றிரவே பெடியன் போய்விட்டான். விடியப் புதைத்தார்கள். குடியிருப்பு முழுக்கத் தெரியும். யாரும் வெளியே மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் ஆய்விலிருந்து அவனுடைய பெயரை வெட்டியிருப்பார்கள். பெயர் வெட்டிய வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். கேட்காத வீட்டில் இருந்துகொண்டு, தின்ன வாய் இல்லாத ஒரு நாள் சாப்பாட்டை வந்த வழியே திருப்பி அனுப்ப விமலேஸ்வரியால் முடிந்திருக்காது.